வசந்தமலரின் களைவெட்டி

கோயில் வாசலில் யாருடைய வண்டியோ உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் கைப்பேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். வசந்தமலர் அர்ச்சனைத் தட்டை என் கையில் தந்துவிட்டு நேரே அந்த வண்டிக்குப் போனாள். திறந்திருந்த கண்ணாடிக்குள்ளால் கையை விட்டுச் சாவியைத் திருகி அணைத்தாள். "சும்மா நிண்டு குடிக்குது" என்றாள். பிறகு வந்து தட்டை வாங்கி, செருப்பைக் கழற்றி, ஒன்றுமே நடக்காததுபோல உள்ளே போனாள்.

அந்த மனிதர் கோயிலுக்குப் புதியவர். வாயைத் திறந்தபடி இருந்தார். பழையவர்கள் அவளைக் கண்டதும் தாங்களே அணைத்துவிடுவார்கள். இப்போது சாவி இல்லாமல் பொத்தானை அழுத்தி ஓட்டும் வண்டிகள் வந்துவிட்டன. அவற்றுக்கு அவள் கண்ணாடியைத் தட்டிவிட்டு நிற்பாள். அணைக்கும்வரை நகர மாட்டாள். உள்ளே தீபாராதனை மணி அடித்தாலும் சரி. ஒருநாள் நான் கையைப் பிடித்து இழுத்தேன். "முருகன் கொஞ்சம் பொறுப்பார் அக்கா, டீசல் பொறுக்காது" என்றாள்.

அவள் புக்கெகோஹே என்ற ஊரில் ஒரு காய்கறித் தோட்டத்தில் உழவு இயந்திரம் ஓட்டுகிறாள். நான் அதே தோட்டத்துக் கொட்டகையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் தரம் பிரிக்கிறவள். எங்கள் வீடுகள் இருக்கும் பாப்பகுராவில் இருந்து அவளுடைய வான் வண்டியில்தான் தினமும் போய் வருகிறேன். என்னைவிட இளையவள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆள் குள்ளம். இயந்திரத்தில் ஏறி இருந்தால் தொப்பியும் நெற்றிப் பொட்டும்தான் கீழே நிற்பவருக்குத் தெரியும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பல் தூரிகை இருக்கும். அது பல்லுக்கானது அல்ல. மருந்தடிக்கும் இயந்திரத்துக்கு இரண்டு பக்கமும் நீண்ட கைகள் உண்டு. அவற்றில் வரிசையாகத் தொங்கும் சிறு முனைகளுக்கானது அந்தத் தூரிகை. மருந்தடிக்கப் போகும் முன்பு வெறும் தண்ணீரை விட்டு, முனைக்கு ஒரு குவளையாகக் கீழே பிடித்துப் பார்ப்பாள். எந்தக் குவளையில் குறைவாக விழுகிறதோ அந்த முனையைக் கழற்றித் தூரிகையால் தேய்த்துக் கழுவுவாள். வாயால் ஊதவே மாட்டாள், ஊதப் போகிறவர்களையும் விட மாட்டாள். "ஒண்டு கூடக் குடிச்சு ஒண்டு பட்டினி கிடந்தா, பயிருக்குள்ளையும் அப்பிடித்தான் இருக்கும்" என்பாள்.

விதைக்கிற காலத்தில் வேறொரு வேடிக்கை. விதைக்கும் இயந்திரத்தை நிலத்தில் இருந்து தூக்கி நிறுத்திவிட்டு, கீழே தன் வீட்டுப் பழைய படுக்கை விரிப்பை விரிப்பாள். ரோசாப்பூப் போட்ட விரிப்பு. பிறகு அதன் சக்கரச் சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றுவாள். கறுப்பு வெங்காய விதை ஒவ்வொரு துவாரத்தாலும் அந்த ரோசாப்பூக்களின் மேல் விழும். எந்தத் துவாரம் கஞ்சத்தனம் பண்ணுகிறது என்று முழந்தாளிட்டிருந்து பார்ப்பாள். தூரத்தில் இருந்து பார்த்தால் கும்பிடுகிறமாதிரி இருக்கும்.

வயலுக்குள் இறங்கும் முன் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்குவாள். தார் வீதிக்கு ஏறும்போது திரும்ப அடிப்பாள். எவ்வளவு அவசரம் என்றாலும் இது நடக்கும். மண்ணில் ஒரு பிடி அள்ளி உருண்டை பிடிப்பாள். பெருவிரலால் அழுத்த உதிர்ந்தால் இறங்கலாம். களிபோலத் தட்டையானால் அன்றைக்கு உழவு இயந்திரம் கொட்டகையை விட்டு வெளிக்கிடாது. இறங்கினாலும் முதல் நாள் போன அதே தடத்தில்தான் போவாள். அதற்கு வானத்தில் இருந்து வழி சொல்லும் கருவி பூட்டியிருக்கிறது, அது ஒரு விரல் பிசகாமல் கொண்டுபோகும். "எல்லா இடத்தையும் மிதிக்கக் கூடாது அக்கா. மிதிச்ச இடத்தையே மிதிச்சா மற்ற இடமாவது நல்லா இருக்கும்."

இதெல்லாம் கேட்க நல்லாயிருக்கும். கூட வேலை செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துவர உழவு இயந்திரத்தைக் கேட்டால் தர மாட்டாள், நடந்து போ என்பாள். வீட்டிலும் இதே கதை. சோறு வேக முன்பே அடுப்பை அணைத்துவிடுவாள், மிச்சச் சூட்டில் வெந்துவிடும் என்று. அவளுடைய சோற்றை நானும் சாப்பிட்டிருக்கிறேன். மிச்சச் சூட்டுக்கு அவ்வளவு பலம் இல்லை.

கிளிநொச்சியில் அண்ணனுடைய லாண்ட்மாஸ்டரில், அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில், ஓடப் பழகியவள். கடல் கடந்து இங்கே வந்து, விரி என்ற ஊரில் ஒரு களஞ்சியசாலையில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டினாள். அதற்குப் பிறகு இந்தத் தோட்டம். பழைய கதை கேட்டால் இவ்வளவுதான் சொல்வாள். இயந்திரத்தைப் பற்றிக் கேட்டால் நேரம் போவது தெரியாமல் சொல்வாள்.

அவளுடைய புருஷன் யசீகரன். விரியில் பாண் சுடும் பேக்கரித் தொழிற்சாலையில் இரவு வேலை. மெலிந்த, சத்தம் போடாத மனிதர். கோயிலில் மாலை கட்டுவது, சந்தனம் அரைப்பது எல்லாம் அவர்தான். தோட்டத்திலும் அவருக்கு ஒரு வேலை உண்டு. அந்தப் பருவத்துக்கு எந்த இயந்திரம் முதன்முதலாக மண்ணில் இறங்குகிறதோ, அன்றைக்குக் காலையில் தட்டோடு வந்து அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைப்பார். தோட்டத்து முதலாளி சுரேந்திரா வந்து தேங்காய் உடைப்பார். சுரேந்திரா பிஜியில் பிறந்தவர். அவருடைய முன்னோர் தமிழ்நாட்டுப் பக்கம் இருந்து அங்கே கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள். தமிழில் சாமி, தண்ணி, போதும் என்று சில சொற்கள்தான் தெரியும். ஆனால் தேங்காய் உடைக்க ஒரு வருஷமும் தவறியதில்லை.

போன பருவத்துக்குத்தான் சுரேந்திரா அவளுக்கு வேலி ஓரமாக மூன்று ஏக்கர் குத்தகைக்குக் கொடுத்தார். தோட்டத்து இயந்திரங்களையும் பாவிக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை, தோட்டத்து வேலை முடிந்த பிறகுதான் அவளுடைய காணிக்கு எதுவும் இறங்கலாம். இரண்டு பேரும் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் விதைக்கும் உரத்துக்கும் போட்டார்கள். அவள் வெங்காயம் விதைத்தாள். தன் பெயரில் ஒரு பயிர் நிற்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. காலையில் வானை நிறுத்தியதும் வேலிப் பக்கம் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வருவாள்.

வெங்காயம் பாவப்பட்ட பயிர். அகன்ற இலை கிடையாது. பக்கத்தில் முளைக்கிற களைக்கு நிழல் போட்டு அடக்கத் தெரியாது. முளைத்துக் கொஞ்ச நாளுக்குள் களை எடுத்துவிட வேண்டும். விட்டால் களை அதை விழுங்கிவிடும், பிறகு பிடுங்கினாலும் வெங்காயம் பருக்காது.

அந்த வருஷம் சுரேந்திரா புதிதாக ஒரு களைவெட்டி வாங்கியிருந்தார். இந்த நாட்டின் தெற்குத் தீவில் யாரோ பாவித்துவிட்டு விற்றது. உழவு இயந்திரத்துக்குப் பின்னால் பூட்டுவது. அதன் நெற்றியில் ஒரு கமரா இருக்கும். அது பயிர் வரிசையைப் பார்த்துப் பார்த்து வெட்டும் கத்திகளை இடமும் வலமுமாக ஒதுக்கும். பயிர் தப்பும், இடையில் உள்ள களை போகும். அதைப் பூட்டித் தந்தது பிளாக்ஹவுஸ் பே என்ற இடத்தில் இருக்கும் பழனிவேல். கம்ப்யூட்டர் படித்தவர், தமிழ்நாட்டுக்காரர். தோட்டம் தோட்டமாகப் போய் இப்படிக் கருவிகள் பொருத்திக் கொடுக்கிறார். காலையும் மத்தியானமும் கண்ணாடியைத் துடைக்கச் சொன்னார். "மத்ததெல்லாம் அது பாத்துக்கும்க்கா. நீங்க தூங்கிக்கிட்டே போகலாம்" என்றார்.

"நான் நித்திரை கொள்ளுறன், நீர் பின்னாலை வந்து முழிச்சிரும்" என்று வசந்தமலர் சொன்னாள். பழனிவேலுக்கு அவளுடைய பேச்சு முழுதாக விளங்காது. ஆனாலும் சிரிப்பார்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. அடுத்த நாள் மழை என்று கைப்பேசி சொல்லிவிட்டது. காலையில் சுரேந்திராவின் துண்டு, மத்தியானத்துக்குப் பிறகு அவளுடைய மூன்று ஏக்கர் என்று பேச்சு. யசீகரன் இரவு வேலை முடிந்து, குளித்து, தட்டோடு வந்தார். நான் கற்பூரம் பிடித்தேன். சுரேந்திரா தேங்காய் உடைத்தார்.

களைவெட்டிக்கு எங்கே பொட்டு வைப்பது என்று யசீகரன் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கத்தி, சில்லு, இரும்புச் சட்டம் எல்லாம் பார்த்துவிட்டு கமராவின் முன் நின்றார். இதுதான் இதற்குக் கண், கண் உள்ள இடம்தான் முகம் என்று என்னிடம் சொன்னார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. கண்ணாடியின் மேல் விளிம்பில் கடலையளவு சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார்.

வசந்தமலர் துணியோடு வந்தாள். கண்ணாடியைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனாள். பொட்டைக் கண்டதும் கை நின்றது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வைத்த குங்குமத்தைக் கையால் துடைத்துவிட எங்கள் பெண்களுக்கு மனம் வராது. அதுவும் புருஷன் வைத்தது, புது இயந்திரத்தின் முதல் நாள், தன் முதல் பயிர். பொட்டைச் சுற்றித் துடைத்தாள். "இவ்வளவு பொட்டு என்ன செய்யப் போகுது" என்று சொல்லித் துணியை மடித்து வைத்துவிட்டு ஏறினாள்.

கொஞ்சத் தூரம் போனதும் வழக்கம்போல இறங்கிப் பின்னால் பார்த்தாள். களை வெட்டுப்பட்டுக் கிடந்தது, வெங்காயம் நின்றது. திருப்தியோடு ஏறிப் போனாள். பிறகு வெயில் ஏறியது. இரவுப் பனி ஈரமும் சந்தனமும் சேர்ந்து கண்ணாடியில் வழிந்தது யாருக்கும் தெரியாது. கமராவுக்குப் பாதிக் கண் மறைந்துவிட்டது. முழுதாக மறைந்திருந்தால் சத்தம் போட்டுத் தெரிவித்திருக்கும். பாதி தெரிந்ததால் தெரிந்ததை வைத்துக்கொண்டு, களை நின்ற வரிசையைப் பயிர் என்று நினைத்து ஒரு சாண் தள்ளிப் போயிருக்கிறது.

வரம்பின் முடிவில் திருப்பும்போதுதான் அவள் கண்டாள். இயந்திரத்தை அணைத்தாள். வந்த வழியே நடந்தாள். கொட்டகை வாசலில் இருந்து பார்க்க எங்களுக்கும் தெரிந்தது. அவள் ஓட்டி வந்த அகலத்துக்கு நிலம் பெருக்கிவிட்ட முற்றம்போலக் கிடந்தது. கோடு கோடாகக் களை மட்டும் நின்றது, வெங்காயம் இல்லை. குனிந்து ஒரு வெட்டுப்பட்ட நாற்றை எடுத்துக்கொண்டு சுரேந்திராவிடம் வந்தாள்.

கண்ணாடி அழுக்காக இருந்தது, தான் துடைக்கவில்லை, பிழை தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். குங்குமம் என்று ஒரு சொல் வரவில்லை. சுரேந்திரா போய்க் குனிந்து கண்ணாடியை விரலால் தொட்டார். விரல் சிவந்து வந்தது. தட்டோடு நின்ற யசீகரனைப் பார்த்தார். தான் உடைத்த தேங்காயும் அந்தத் தட்டில்தான் இருந்தது. அதனாலோ என்னவோ கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. களைவெட்டியைக் கொட்டகைக்குள் கொண்டுபோய் விடச் சொன்னார். பழனிவேல் வந்து பார்க்கும்வரை யாரும் தொடக் கூடாது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி மழை வந்தது. வந்தது போகவில்லை. வேலி ஓரத்து மூன்று ஏக்கரில் வெங்காயம் ஊசியாக நின்றது. களை இரண்டு இலை விட்டுவிட்டது. நாங்கள் கொட்டகைப் பெண்கள் சேர்ந்து கையால் பிடுங்கித் தருகிறோம் என்று கேட்டோம். மாட்டேன் என்றாள். "ஈரத்திலை காலும் ஒரு டயர்தான் அக்கா. நீங்கள் களையைப் பிடுங்கி மண்ணைச் சாக்காட்டிப் போடுவியள்." சொல்லிவிட்டு ஒரு பிடி மண்ணை அள்ளி உருட்டி அழுத்தினாள். களிபோலத் தட்டையானது. அதைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு மருந்தடிக்கும் முனைகளைக் கழுவப் போனாள். அந்த வாரம் அந்த முனைகளை எத்தனை தரம் கழுவினாள் என்று முருகனுக்குத்தான் தெரியும்.

யசீகரன் அந்த வாரம் கோயிலுக்குப் போனார், சந்தனம் அரைத்தார். ஆனால் யாருக்கும் தன் கையால் வைத்துவிடவில்லை. கிண்ணத்தை நீட்டிவிட்டு நின்றார். ஒருநாள் காலை, இரவு வேலையில் இருந்து அவரை ஏற்றிக்கொண்டு வீட்டில் இறக்கிவிடப் போனோம். மழை ஊற்றுகிறது. நான் பின்னால் இருக்கிறேன்.

"நான் வைக்காமல் விட்டிருக்கலாம்" என்று அவர் சொன்னார்.

அவள் வீதியைப் பார்த்தபடியே, "நான் துடைச்சிருக்கலாம்" என்றாள்.

வான் கண்ணாடியின் துடைப்பானை இன்னும் வேகமாக்கினாள்.

வியாழக்கிழமை மழை விட்டது. பழனிவேல் வந்தார். கணினியை இயந்திரத்தில் இணைத்து நெடுநேரம் பார்த்தார். களைவெட்டியில் ஒரு குறையும் இல்லை என்றார். பாதிக் கண் மறைந்தாலும் சத்தம் போட்டுத் தெரிவிக்கும்படி ஏதோ மாற்றியும் கொடுத்தார். போகும்போது யசீகரனைப் பார்த்து, "ஏண்ணா, சாமி கண்ணைத் தொறக்கும்னுதான எல்லாரும் கும்பிடுறாங்க, நீங்க மூடி விட்டுட்டீங்களே" என்றார். அவர் என்ன சொன்னார் என்று சுரேந்திரா கேட்டார். வசந்தமலர் மொழிபெயர்த்துச் சொன்னாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு சுரேந்திரா அப்போதுதான் சிரித்தார். யசீகரனும் சிரித்தமாதிரி ஏதோ செய்தார்.

வெள்ளி பின்னேரம் மண் உருண்டை உதிர்ந்தது. சுரேந்திரா அவளைக் கூப்பிட்டு, நாளைக்குத் தன்னுடைய துண்டில் களைவெட்டியை ராஜ்னீல் ஓட்டட்டும் என்றார். ராஜ்னீல் தோட்டத்தின் மற்ற ஓட்டுநர். சுரேந்திராவின் ஊர்ப் பையன். அவன் முடித்த பிறகு அவளுக்கு. அதற்குள் இருட்டிவிட்டால், ஞாயிறு மறுபடி மழை. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் சரி என்று தலையை ஆட்டினாள். ராஜ்னீலைக் கூட்டிக்கொண்டுபோய்க் கண்ணாடியை எப்படித் துடைப்பது என்று காட்டினாள். எதைக் காண நேர்ந்தாலும் துடை என்று சொல்லிக்கொடுத்தாள்.

சனிக்கிழமை ராஜ்னீல் நிதானமாக ஓட்டினான். நல்ல பையன்தான், பிழை விடக் கூடாது என்ற பயம் வேறு. ஆனால் தேநீருக்கு நின்றால் இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டுத்தான் கைப்பேசி பார்ப்பான். வசந்தமலர் கொட்டகையில் எங்களோடு நின்று உருளைக்கிழங்கு பிரித்தாள். அந்த உறுமல் கேட்டதும் கையில் இருந்த கிழங்கை வைத்தாள். வயலின் குறுக்கே நடக்காமல், வரம்பைச் சுற்றி, தடம் பிடித்து நடந்துபோய் அணைத்துவிட்டு, அதே தடத்தில் திரும்பி வந்தாள். நல்ல வெயில் நேரம். முகத்தில் வியர்வை. அன்றைக்கு அவன் இரண்டு தரம் தேநீருக்கு நின்றான், அவள் இரண்டு தரமும் போய் வந்தாள். இரண்டாம் தரம் அவன் ஆங்கிலத்தில், அன்ரி இதற்காகவே இவ்வளவு தூரம் நடந்து வந்தீர்களா என்று கேட்டானாம். இல்லை, உன் அழகைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டு வந்ததாக என்னிடம் சொன்னாள்.

பொழுது மேற்கே சாயத் தொடங்கும்போது அவன் முடித்தான். சுரேந்திரா வரிசைகளில் நடந்து பார்த்தார். பிறகு அவளைப் பார்த்துக் கையைக் காட்டினார், கொண்டுபோ என்று. அவள் ஓடவில்லை. டயர்க் காற்றைப் பார்த்தாள். கத்திகளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். வேலி ஓரத்துப் படலை வாசல்வரை ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தி, அணைத்துவிட்டு இறங்கினாள். கண்ணாடியைத் துடைத்தாள். வெளிச்சத்துக்கு நேரே தலையைச் சரித்துப் பார்த்துவிட்டு இன்னொரு தரம் துடைத்தாள்.

யசீகரன் படலைக்கு வெளியே தேநீர்ப் போத்தலோடு நின்றார். உள்ளே வரவில்லை.

"எங்கையப்பா உங்கடை தட்டு?"

"வேண்டாம் மலர்."

"என்ரை காணிக்குள்ளை முதல் நாள் வெறுமனே இறக்கேலாது. கொண்டு வாங்கோ, பொழுது படப்போகுது."

தட்டு வான் வண்டியில்தான் இருந்தது. கொண்டு வரவில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இருக்கைக்குக் கீழே, துணியில் சுற்றி வைத்திருந்தார். எடுத்துக்கொண்டு வந்து களைவெட்டியின் முன் நின்றார். சந்தனம் தொட்ட விரல் அந்தரத்தில் நின்றது. எங்கே வைப்பது என்று தெரியாமல் அவளைப் பார்த்தார். அவள் கமராவுக்கு மேலே இருந்த இரும்புச் சட்டத்தைக் காட்டினாள்.

அவர் சந்தனம் வைத்தார். குங்குமத்தை எடுத்தார். குழந்தைக்குத் திருநீறு பூசும்போது கண்ணில் விழுந்துவிடாமல் நெற்றிக்குக் கீழே கையைப் பிடிப்போம் அல்லவா, அதேபோல வசந்தமலர் தன் இடது உள்ளங்கையைக் குவித்துக் கமராவின் கண்ணாடியை மறைத்துக்கொண்டாள். அவர் வைத்து முடித்து, மிச்சக் குங்குமம் உதிர்ந்து தன் புறங்கையில் விழும்வரை அவள் கையை எடுக்கவில்லை.